அசையாத கடல்

கப்பற் பயணம் பற்றி எழுதுவோர் மேல்தளத்துக் காட்சிகளையே எழுதுகின்றனர். கீழறையில் அடைபட்டுச் சென்றோர்க்கும் ஒரு குறிப்பு வேண்டுமென்றே இதனை எழுதுகிறேன்.

தலைமன்னாரிலிருந்து தனுக்கோடிக்குச் சென்ற கப்பலில், செட்டிகுளத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவரைக் கண்டேன். மெலிந்த முதியவர். கால் இயங்காத அவர் மனைவியை, உட்கார்ந்திருந்த கதிரையோடே சுமையாட்கள் தூக்கிவந்து கீழறையில் இறக்கிவிட்டுப் போயிருந்தனர். ஒருமுறையேனும் கடலைக் காணவேண்டும் என்பது அம்மையாரின் பெருவிருப்பு. கமக்காரரோ சாளரத்தை மறைத்து நின்றபடி, தாம் காண்பதையெல்லாம் ஓயாது சொல்லிக்கொண்டிருந்தார்.

"அலை எழும்புது. அங்கால தோணி ஒண்டு போகுது."

"உங்கட முதுகுதான் எனக்குத் தெரியுது. விலகுங்கோவன், நானே பாப்பன்!"

அவர் நாணி விலகினார். தாழ்ந்த கதிரையிலிருந்து பார்ப்போர்க்கு அச்சாளரத்தில் வானம் மட்டுமே தெரியும். முகிலற்ற அந்நீலத்தை அம்மையார் நெடுநேரம் நோக்கினார்.

"அலையெண்டு பொய்தானே சொன்னீங்கள்? கடல் எங்கட குளம் மாதிரி ஆடாமல் அசையாமல் கிடக்கு."

"ஓம், சும்மா பகிடிக்குச் சொன்னனான்" என்றார் கமக்காரர். என்னை நோக்கிய அவர் கண்கள் இறைஞ்சின.

பிறர் பிழை பொறாத நானும் வாய் திறக்கவில்லை. இருவருமாகக் கதிரையைத் தூக்கியிருந்தால் அம்மையார் மெய்க்கடலையே கண்டிருப்பார் என்பது, கரையேறிய பின்னரே எனக்குத் தோன்றிற்று.

இக்குறிப்பில் வேறு பிழை உளதாயின், அறிந்தோர் திருத்துக.