சம்பந்தியின் படகுக் கக்கூஸ்

இந்த வாரம் ஒரு கக்கூஸைப் பற்றி எழுதப் போகிறேன். காலைச் சாப்பாட்டோடு இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

வந்துவிட்டீர்களா? சரி.

போன சனிக்கிழமை நான் பால்டிக் கடலோரத்தில் இருந்தேன். குளிர்காலத்துக்காகத் தரையில் ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு பாய்மரப் படகு. அதற்குள் அலுமாரி அளவில் ஓர் அறை. அந்த அறையில் கக்கூஸுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டீட்டர். முழங்காலோடு முழங்கால் இடிக்கிறது. வெளியே குளிர். எனக்கோ வியர்க்கிறது.

டீட்டர் யார்? என் மகள் ஆரணியைக் கட்டப் போகிற யோனாஸின் அப்பா. அதாவது என் சம்பந்தி. ஜெர்மன் மொழியில் இந்த உறவுக்கு ஒரு சொல்லே கிடையாது, தெரியுமோ? எங்களுக்குப் பிள்ளைகளின் கல்யாணத்தோடு புதிதாக ஒரு முழு உறவு முளைக்கிறது. அதற்கென்று மரியாதை, பயம், பலகாரத் தட்டு எல்லாம் கூடவே வருகின்றன. டீட்டருக்கு நான் ‘மகனின் மனைவியின் தகப்பன்’. அவ்வளவுதான்.

சிக்கல் விருந்தாளிகளில் தொடங்கியது. எங்கள் பக்கம் நானூறு பேர். அவர்கள் பக்கம் முப்பத்தெட்டு... அதில் ஒரு நாயும் அடக்கம்.

ஊன்ட்றொப்பில் இருக்கிற எங்கள் அம்மன் கோயிலில் தாலிகட்டு, பிறகு பக்கத்தில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு என்று திட்டம். இலையுதிர்காலத் தொடக்கத்தில் அவர்கள் வீட்டில் கோப்பி குடிக்கும்போது நானூறு என்ற கணக்கைச் சொன்னேன். டீட்டர் கோப்பையைக் கீழே வைத்தார். ஒரே ஒரு சொல்தான் கேட்டார்.

“ஏன்?”

என்னத்தைச் சொல்ல? நாங்கள் வரவேண்டியவர்களை நினைத்தா கூப்பிடுகிறோம்? விடுபட்டுப் போகிறவர்களுக்குப் பயந்தல்லவா கூப்பிடுகிறோம். ஒரு ஆளைத் தவறவிட்டால் அந்தக் குடும்பம் எத்தனை வருஷத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு திரியும் என்பதை எந்த ஜெர்மன் இலக்கணத்தில் சொல்வது? சிரித்து மழுப்பினேன். அதற்குப் பிறகு டீட்டர் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை.

“அப்பா, சின்னனாச் செய்வம் எண்டு யோனாஸ் சொல்லுறான். நீங்கள் நானூறிலயே நிக்கிறியள்,” என்றாள் ஆரணி ஒரு நாள். “நான் நடுவில நிண்டு களைச்சுப் போனன். பேசாமல் கல்யாணத்தைத் தள்ளிப் போடுவமோ எண்டு கிடக்கு.”

தள்ளிப் போடுவதா? ஒரு தகப்பனின் தூக்கத்தைக் கெடுக்க இந்த ஒரு வார்த்தை போதும். எங்கள் ஆட்களுக்குள் ‘தள்ளிப் போயிட்டுதாம்’ என்றால் ‘நிண்டு போச்சு’ என்றுதான் அர்த்தம் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நேரத்தில்தான் ஆரணி மூலமாக ஓர் அழைப்பு வந்தது. படகைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்ய ஒரு கை தேவையாம், என்னால் வர முடியுமா என்று டீட்டர் கேட்டாராம்.

“ஓம் எண்டு சொல்லுங்கோப்பா. அவர் அந்த போட்டுக்குள்ள லேசில ஒருத்தரையும் விடுறேல்லை. அங்க வைச்சு மெதுவாக் கதையுங்கோ,” என்றாள் மகள். “வரேக்க கொஞ்சம் சமையல் எண்ணெயும் கொண்டு வரட்டாம். போட்டில முடிஞ்சு போச்சாம்.”

மனைவியிடம் போய், டீட்டர் எண்ணெய் கேட்கிறார் என்றேன். சூரியகாந்தி எண்ணெய்ப் போத்தலை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

“இஞ்சருங்கோ, சம்பந்தி வாய்விட்டுக் கேட்ட முதல் சாமான். கடையில மலிவா வித்த எண்ணெயைக் கொண்டு போய்க் குடுக்கிறதே? விடுங்கோ, நான் தாறன்.”

புறப்படும்போது ஒரு சின்னப் போத்தலைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுத் தந்தாள். “உள் பொக்கெற்றில வைச்சுக் கொண்டு போங்கோ. குளிரப்படாது,” என்றாள். ஏன் குளிரக் கூடாது என்று நான் கேட்டேனா? இல்லை. நாங்கள் இருக்கிற டுசல்டோர்ஃபிலிருந்து பால்டிக் கடல்வரை ‘டீட்டர், அந்தக் கல்யாண விஷயம்...’ என்ற வசனத்தை ஜெர்மன் மொழியில் பாடமாக்கிக்கொண்டே போனேன்.

படகுக் கக்கூஸ் வீட்டுக் கக்கூஸ் மாதிரி அல்ல. பக்கத்தில் ஒரு கைப்பம்பு இருக்கும். அதன் கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் கடல் தண்ணீர் உள்ளே வரும், போக வேண்டியது வெளியே போகும். குளிர்காலத்தில் பம்புக்குள் தண்ணீர் மிஞ்சி நின்றால் உறைந்து, பம்பை வெடிக்க வைத்துவிடும். அதனால் தண்ணீர் வரும் குழாயைக் கழற்றி, உறையாத ரோஸ் நிறத் திரவம் உள்ள வாளிக்குள் விட்டு, கக்கூஸ் கிண்ணத்தில் ரோஸ் தெரியும்வரை அடிக்க வேண்டும். கடைசியில் உள்ளே இருக்கிற ரப்பர் காய்ந்து போகாமல் கொஞ்சம் எண்ணெய்.

வாளியை நான் பிடித்தேன். டீட்டர் அடித்தார். ரோஸ் வந்தது. பேச்சு வரவில்லை.

“ஒரு மூடி எண்ணெய் விட்டு, நாலு தரம் அடியுங்கள்,” என்று சொல்லிவிட்டு டீட்டர் எஞ்சினைப் பார்க்கப் போனார்.

ஒரு மூடியா? சம்பந்திக்குச் செய்கிற வேலையில் அளவு பார்ப்பதா? போத்தலை அப்படியே கிண்ணத்துக்குள் கவிழ்த்தேன். தேங்காய் எண்ணெய். ஊரிலிருந்து வந்த சுத்தமான எண்ணெய்... மனைவி தன் தலைக்கே அளந்துதான் வைப்பாள். அந்த மணத்தில் என் மனம் குளிர்ந்தது. எண்ணெயும் குளிரும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

இத்தனை வருஷமாக ஒவ்வொரு குளிர்காலமும், வெள்ளைக் கட்டியாகிப் போன போத்தலை ஹீற்றரில் வைத்து உருக்குகிறவன் நான். ஆனால் பயந்துபோயிருக்கிறவனுக்கு அறிவு எங்கே வேலை செய்கிறது? நல்ல பிள்ளையாக நாலு தரம் அடித்துவிட்டு மேலே போனேன்.

படகின் மேல் தட்டில் உட்கார்ந்து வெண்ணெய் பூசிய பாண் சாப்பிட்டோம். “டீட்டர், அந்தக் கல்யாண விஷயம்...” என்று தொடங்கினேன். “முதலில் வேலை,” என்றார். எழும்பினார். எல்லாம் சரியா என்று பார்க்கக் கீழே இறங்கினார். பின்னாலேயே போனேன்.

கைப்பிடியைப் பிடித்தார். அசையவில்லை. இன்னொரு தரம். முகம் சிவந்தது. “உறைய வழியில்லையே,” என்று தனக்குள் சொன்னார்.

கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன். ரோஸுக்கு மேல் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். படகையும் கெடுத்தாயிற்று. இனி எந்த முகத்தோடு நானூறு பேரைப் பற்றிப் பேசுவது? சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் டீட்டர் இரண்டு கையாலும் பிடித்து ஒரே அமுக்காக அமுக்கினார். உள்ளே ‘டக்’ என்று ஏதோ அறுந்தது.

“தேங்காய் எண்ணெய்,” என்றேன். “குளிரில் கட்டியாகிவிடும். நான்தான் ஊற்றினேன். முழுப் போத்தல்.”

டீட்டர் ஒரு கட்டியை விரலில் எடுத்து மணந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன்?”

மறுபடியும் அதே ஏன். பாடமாக்கிய வசனம் எல்லாம் பறந்துவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “எங்கள் வீட்டில் இருப்பதிலேயே நல்ல எண்ணெய் அதுதான். நீங்கள் சம்பந்தி. உங்களுக்கு என் மனைவி வேறு எதையும் தரமாட்டாள். நீங்கள் ஒரு மூடி என்றீர்கள்... உங்களுக்கு ஒரு மூடி மட்டும் விட எனக்குக் கை வராது. நாங்கள் அப்படித்தான், டீட்டர். கல்யாணத்திலும் அப்படித்தான்.”

டீட்டர் விரலைத் துடைத்தார். கருவிப் பெட்டியைத் திறந்தார். பம்பைக் கழற்றினோம். மேலே கேத்திலில் கொதிக்க வைத்த தண்ணீரை வாளியில் விட்டு, அதற்குள் பம்பை வைத்தோம். எண்ணெய் உருகி மிதந்தது. உள்ளே ஒரு ரப்பர் வளையம் இரண்டாகக் கிழிந்து கிடந்தது.

“இது எண்ணெயால் வந்ததல்ல,” என்றார் டீட்டர் மெதுவாக. “நான் அமுக்கியதால் வந்தது. எதையும் பலவந்தமாக அமுக்காதே என்று ஹைக்கே எப்போதும் சொல்லுவாள். அவளிடம் சொல்ல வேண்டாம்.”

ஹைக்கே அவருடைய மனைவி. சொல்லமாட்டேன் என்றேன். என் மனைவியிடமும் எண்ணெய் எங்கே போனது என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார்.

மாற்று வளையம் பெட்டியில் இருந்தது. அதைப் போட்டு, பம்பைத் திரும்பப் பூட்ட அந்த அலுமாரிக்குள் நுழைந்தோம். முழங்காலோடு முழங்கால். நான் விளக்கைப் பிடிக்க, அவர் திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

“நானூறு பேர்.”

“ஓம்,” என்றேன், பதற்றத்தில் தமிழிலேயே. பிறகு சுதாரித்துக்கொண்டு ஜெர்மன் மொழியில், “முந்நூற்றைம்பதாகக் குறைக்கலாம்,” என்றேன்.

அடுத்த திருகாணி. அதற்கடுத்தது. சரி, முடிந்தது... கல்யாணம் தள்ளித்தான் போகப் போகிறது, ஆரணிக்கு என்ன சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே விளக்கைப் பிடித்தேன்.

டீட்டர் ஸ்க்ரூட்ரைவரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். முகத்தில் பெரிய யோசனை.

“அந்த மண்டபத்தில் எத்தனை கக்கூஸ் இருக்கிறது?”