நானூறு கிராம் ஏலம்

போடி பஜாரில் எங்களுக்கு ஒரு சின்ன மசாலாப் பொடிக் கடை. கணக்கு என் பொறுப்பு, மணம் என் மனைவியின் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பு ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனவள். அரைத்த பொடியைத் தட்டில் வைத்து நீட்டுவேன். முகர்ந்து பார்த்து அவள் சரியென்றால்தான் பாக்கெட் போடுவோம். கிராம்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் முகம் சுளித்துவிடுவாள். கம்பம் வரைக்கும் பிரியாணிக் கடைக்காரர்கள் எங்களிடம் வாங்கியது அந்த மூக்கை நம்பித்தான்.

ஒரு தடவை ஏலக்காய் விலை இரட்டிப்பாகிவிட்டது. பத்துக் கிலோ பொடிக்கு ஒரு கிலோ ஏலம் போடுவோம். ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிய கிலோ, மூவாயிரம் ஆனது. மற்ற சாமான் ஒன்பது கிலோவும் சராசரியாகக் கிலோ ஐந்நூறு. ஆக, அறுநூறில் அடங்கிய ஒரு கிலோ பொடி எழுநூற்றைம்பதுக்கு ஏறியது. விலையைக் கூட்டினால் கடைக்காரர்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்களே என்று எனக்குப் பயம். கணக்குப் போட்டேன். ஏலத்தை நானூறு கிராமாகக் குறைத்து, மீதியை மற்ற சாமான்களால் அதே விகிதத்தில் நிரப்பினால் பழைய அறுநூறிலேயே நிற்கும். பைசா பிசகாமல் விடை வந்ததில் எனக்குப் பெருமை வேறு.

அவளிடம் சொல்லவில்லை. எப்படியும் கண்டுபிடித்துத் திட்டுவாள், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன். தட்டை நீட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகர்ந்தாள்.

"சரியா இருக்குங்க."

தப்பித்தோம் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. கொஞ்ச நேரத்தில் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. ஏலமே சேர்க்காத பொடி கொஞ்சம் கலந்து கொண்டுபோய் நீட்டினேன். மறுபடியும் என் முகத்தைப் பார்த்தாள், முகர்ந்தாள்.

"இதுவும் சரிதான்."

"ஏம்புள்ள, இதுல ஏலமே இல்லையே" என்றேன்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுக்குப் பெறகு ஒரு வாசமும் தெரியல. தானா வந்துரும்னு டாக்டர் சொன்னாக. எட்டு மாசமாச்சு, வரல."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா எனக்கு இங்கன என்ன வேலை இருக்கு?"

நானும் பக்கத்து மூட்டை மேல் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்: "உங்க முகத்தப் பாத்துத்தான் சரின்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க தப்பாப் போட்டா மூஞ்சி காட்டிக் குடுத்துரும்னு நெனச்சேன்."

நானூறு கிராம் கணக்கை அவளிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அந்தப் பத்துக் கிலோவில் மீதி ஏலத்தையும் சேர்த்து, விலையைக் கூட்டி விற்றோம். இரண்டு கடைக்காரர்கள் நின்றுவிட்டார்கள், அது பெரிய விஷயமில்லை.

இப்போதும் ஏலம் நிறுக்கும்போது அவளைக் கூப்பிடுகிறேன். வருகிறாள். தராசில் ஓடும் எண் நிற்கும்வரை பார்த்துவிட்டு, சரி என்கிறாள். என் முகத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.