பட்டி பூசிய படகு

பலாங்கொடைக்குக் கீழே, நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் ஹோட்டலின் மேனேஜர் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்தான். லயத்தில் எனக்குத் தம்பி, ஹோட்டலில் சார். என் வீட்டுக்காரர் அங்கே படகுகளைப் பார்த்துக்கொண்டார், நான் குசினியில் பாத்திரம் கழுவினேன். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிப்போகும் சின்னப் பாய்ப்படகு ஒன்று ஒருநாள் அடியில் வெடிப்பு விட்டுத் தண்ணீர் ஏறியது. இவர் பாறையில் மோதிவிட்டார் என்று அத்தனை வேலைக்காரர்கள் முன்னாலும் சொல்லி, அன்றே வேலையை விட்டு நிறுத்தினார் அந்தத் தம்பி. இவர் துடுப்பை ஓரமாகச் சாத்திவிட்டு வந்துவிட்டார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அடுப்பு எரிய வேண்டுமே என்று நான் மட்டும் தொடர்ந்து வேலைக்குப் போனேன். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அந்த மேனேஜர் முகத்தைத்தான் தேய்த்தேன்.

உடைந்த படகைக் குசினிக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதைத் தருவீர்களா என்று மேனேஜரிடம் கேட்டேன். கொண்டுபோய்க் கோழிக்கூடு கட்டிக்கொள்ளச் சொல்லிச் சிரித்தார். கொழுந்து லொறிக்காரரைக் கெஞ்சி லயத்துக்கு ஏற்றி வந்தோம்.

அன்றிலிருந்து இவருக்குச் சோறு தண்ணி வேண்டாம், படகு போதும். வெடிப்பை அடைக்கும் ரெசின் பசை, கண்ணாடி நார்த் துணி, உப்புத்தாள் என்று ஒவ்வொன்றாக டவுனிலிருந்து வந்தது. படகோடு வந்த கிழிந்த பாயை நான் எடுத்துக்கொண்டேன். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்கை வெட்டி ஒட்டுப்போட்டேன். முரட்டுத் துணி, ஊசி லேசில் இறங்காது. மேனேஜரை நினைத்துக்கொண்டு குத்தினேன், நன்றாக இறங்கியது.

வெடிப்பைச் சுற்றி வெள்ளைப் பெயின்டைச் சுரண்டியபோது உள்ளே ரோஸ் நிறத்தில் பட்டி தெரிந்தது. கராஜில் கார் நெளிவை மறைக்கப் பூசுவார்களே, அதேதான். படகு முன்பே வெடித்திருக்கிறது, யாரோ மூடி மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வேலை போவதற்கு முன்னால், திருவிழாவுக்கு இவர் லீவில் நின்ற வாரம் படகை எடுத்துக்கொண்டு போய் விருந்தாளிகளுக்கு வித்தை காட்டியது மேனேஜர். குசினி முழுக்கப் பார்த்தது.

பட்டியை முழுசாகச் சுரண்டினால்தான் ரெசின் பிடிக்கும் என்றார் இவர். சுரண்டினால் சாட்சி போய்விடும் என்றேன் நான். தனக்குப் படகு ஓடினால் போதும் என்றார். எனக்கு அவன் ஓட வேண்டும் என்றேன். சண்டை முற்றி, கடைசியில் பட்டியை விட்டுவிட்டு அதைச் சுற்றி மட்டும் ரெசின் பூசத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேனேஜர் தன் தாயைப் பார்க்க லயத்துக்கு வருவார். அந்த ஞாயிறு நான் காத்திருந்தேன். அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தி, கவிழ்ந்திருந்த படகின் மேல், அந்தப் பட்டி மேலேயே சூடத்தை வைத்துக் கொளுத்தினேன். எங்கள் ஆட்களில் பொய் சொன்னவன் எவனும் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்கத் துணியமாட்டான்.

"தம்பி, இந்தப் பட்டியப் பூசினது நீங்க இல்லன்னா, சூடத்த அணைச்சிட்டுப் போங்க."

அவர் தாயைப் பார்த்தார், நெருப்பைப் பார்த்தார். கை எழும்பவில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், காலையில் பூசிய ரெசின் காயவில்லை என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. கோயில் வாசல் கல்லில் கொளுத்துகிற மாதிரி கொளுத்திவிட்டேன். குப்பென்று பற்றிக்கொண்டது.

மேனேஜர் பின்பக்கமாகத் துள்ளி விலகினார். தண்ணீர் கொட்டும் பீலியடியில் கை கழுவிக்கொண்டிருந்த இவர் ஓடி வந்தார். சாக்கு, தண்ணீர் எதையும் தேடாமல் இரண்டு உள்ளங்கையாலும் அடித்தார். நெருப்பு அணைந்தது, சூடமும் அணைந்தது.

மேனேஜரின் தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மகன் வெளியிலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு, பட்டி இருந்த இடம் எப்படி இருக்கிறது என்றுதான் இவர் முதலில் கேட்டார். கரிந்து கொட்டிவிட்டது என்றேன்.

"அப்ப இனி சொரண்டத் தேவையில்ல," என்றார்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்து இவருக்கு ஊட்டிவிட்டேன். கட்டுப் போட்ட அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, அவனுடைய ஒரு கையாவது வெந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.