கிடாரப் போரைப் பாடிய பிலோமினா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, வியா மக்வேதா தெருவில் வழக்கமான கடையில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தோனிப்பிள்ளை அழைத்தார். "அண்ணை, பிலோமினா அக்கா போயிட்டா" என்றார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். நாற்பது வருடம் செய்தி எழுதியவனின் வாயில் அதுதான் முதலில் வரும். "ஆறே காலுக்கு. ஆஸ்பத்திரியிலை, நித்திரையிலை" என்றவர், "அக்கா சொன்னது சரிதான். நீங்கள் நேரத்தைத்தான் முதல் கேப்பியள்" என்றார். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். பிறகு அவர் அழுவது கேட்டது.

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் நம்மவர்களில் அக்காவை அறியாதவர் குறைவு. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னாரில் பிறந்தவர். இந்த நகரத்தில் பல வீடுகளைத் துடைத்தவர். அதில் பதினொரு வருடம் ஒரே வீட்டில், லிப்ட் இல்லாத நாலாம் மாடியில், ஒரு வயதான இத்தாலிய அம்மையாரை, சிஞ்ஞோராவை, பராமரித்தார். அந்த அம்மையார் பள்ளியில் பழைய கிரேக்க மொழி படிப்பித்தவர். பார்வை போன பிறகு அவருக்கு வாசிக்க ஆள் தேவைப்படவில்லை. எல்லாம் மனப்பாடம். கேட்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

"பின்னேரத்திலை தொடங்குவா. ஈட்டி, கேடயம், குதிரை, ஆர் ஆரின்ரை மகன் எண்டு. நான் இஸ்திரி போட்டுக்கொண்டு ஓம் ஓம் எண்டுவன். ஒண்டும் மனசிலை ஏறாது" என்று அக்கா ஒருமுறை சொன்னார். ஒருநாள் அந்த அம்மையார் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார். அதே கிரேக்கர்கள் தங்கள் போர்ப்பாட்டுகளைத் தாங்களே கேலியும் செய்தார்களாம். அதே ஓசை, அதே பெரிய சொற்கள், வீரர்களின் நீண்ட பட்டியல், மேலே இருந்து பார்க்கும் தெய்வங்கள், எல்லாம் இருக்கும். போரிடுவது மட்டும் காலடியில் ஓடும் சின்ன உயிர்களாக இருக்கும். அக்கா சிரித்த சிரிப்பில் இஸ்திரிப் பெட்டி சட்டையிலேயே இருந்துவிட்டது. "சட்டை கருகிப்போச்சு. சிஞ்ஞோரா ஏசேல்லை. அந்தச் சட்டையையும் ஒரு வீரனாக்கு எண்டவ."

அவர் ஆக்கியும்விட்டார். அக்கா தமிழில் கட்டிய முதல் பாட்டு அந்தச் சட்டையின் வீரமரணம்.

அவர் பாட்டை நான் முதலில் கேட்டது குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையக வாசலில். பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க நின்ற வரிசையில், மழையில், தனக்கு முன்னால் நின்றவர்களை அவர் முற்றுகைக்கு வந்த படையாகப் பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி. இரண்டு பஸ் மாறியவர், நீலக் குடை ஏந்தியவர், போட்டோக் கொப்பி மறந்தவர். நான் குறிப்புக் கொப்பியை எடுத்துக்கொண்டு கிட்டப் போய், எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று அவரையே கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாட்டை நிறுத்தாமல், "பிந்தி வந்து முந்திக் கேட்கும் அண்ணை" என்று சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.

பெரிய போர்களை ஏன் பாடுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். பகேரியாவிலிருந்து திரும்பும் ரயிலில் இருந்தோம். அக்கா சொன்னார்: "அண்ணை, உண்மையான சண்டையிலை நாலு தரம் இடம்பெயர்ந்தனான். அதிலை நான் ஒரு கவசமும் காணேல்லை. சாமான் மூட்டைதான் கண்டனான். சின்னச் சண்டையைப் பெரிசாப் பாட வேணும். அப்பதான் அது எவ்வளவு சின்னன் எண்டு சண்டை பிடிக்கிறவைக்கே தெரியும்." அதை அன்றே குறித்துக்கொண்டேன். அதன் பொருள் கிடாரச் சண்டையில்தான் எனக்குப் புரிந்தது.

பிரான்காச்சோவில் பங்குக் கோயிலுக்குச் சொந்தமான ஒரு மண்டபத்தை நமக்குத் தந்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு அங்கேதான். தேவாலயத் திருநாளுக்கும் பொங்கலுக்கும் சமையலும் அங்கேதான். ஒரே அளவில் இரண்டு பெரிய சமையல் கிடாரங்கள். ஒன்று இறைச்சி, மீன் என்று மச்சத்துக்கு, மற்றது சைவத்துக்கு. சைவக் கிடாரத்தின் காதில் சிவப்பு வண்ணம் பூசியிருக்கும். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு திருநாளில், ஆட்டிறைச்சிக் கறி சைவக் கிடாரத்தில் வெந்துவிட்டது. விளிம்பு நசுங்கிய கிடாரம் அதுதான் என்று சைவ வீடுகளுக்காகப் பேசும் சிவலிங்கத்துக்குத் தெரியும். திருநாள் படத்தில் அந்த நசுங்கலைக் கண்டார். போய்ப் பார்த்தால், காதில் வண்ணமே இல்லை.

"வேணுமெண்டு அழிச்சிருக்கிறாங்கள்" என்றார் சிவலிங்கம். "இவரின்ரை வண்ணத்தை ஆர் அழிச்சது?" என்றார் திருநாள் சமையலுக்குப் பொறுப்பான அந்தோனிப்பிள்ளை. சாமான் அறைக்கு இரண்டு பூட்டு விழுந்தது. ஒரு பக்கத்தார் பிள்ளைகளை வகுப்புக்கு விடவில்லை, பிறகு மற்றப் பக்கத்தாரும் விடவில்லை. மாத முடிவுக்குள் ஒன்றாக வராவிட்டால் மண்டபத்தின் பூட்டுத் திறப்பைத் திருப்பித் தரவேண்டும் என்று பங்குத் தந்தை சொல்லிவிட்டார். மண்டபம் போனால் வகுப்பும் போகும். நான் இரு தரப்பையும் சந்தித்து நுணுக்கமாக எழுதினேன். யார் சமைத்தார், யார் கண்டார், எப்போது, எல்லாம் இருந்தது. யார் கழுவினார் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு பின்னேரம், கிடாரப் போரைப் பாடப்போவதாக அக்கா எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார். எல்லோரும் வந்தார்கள். தங்களைப் பற்றி என்ன பாடுவாளோ என்ற பயமே அழைத்துவந்தது. இரண்டு பக்கமாகக் கதிரை போட்டு இருந்தார்கள். சேலைக்கு மேல் வேலை ஏப்ரன் கட்டிக்கொண்டு அக்கா நடுவில் நின்றார்.

பாடும் தெய்வத்தை அழைத்துவிட்டுச் சண்டையின் நடுவிலேயே தொடங்கினார். புனித செபஸ்தியாரும் பிள்ளையாரும் மேகத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து, கறி வாசத்துக்கு மூக்கைத் திருப்பினார்கள். அந்தோனிப்பிள்ளை ஏப்ரனை மார்புக் கவசமாகக் கட்டி, மூடியைக் கேடயமாக ஏந்தி, அகப்பையை ஓங்கி, மூன்றாவது உதையில் உறுமும் தன் ஸ்கூட்டரில் ஏறினார். சிவலிங்கம் திருநீறு துலங்க, எதிரியின் படத்தைக் கைபேசியில் இரு விரலால் விரித்துப் பெரிதாக்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா அடுத்த வீரரை அழைத்தார்.

"கம்பிச் சுருள் ஏந்திய பிலோமினா. நூறு சிஞ்ஞோராக்களின் அடுப்பை வென்றவள். கறையென்று கண்டதை உயிரோடு விடாதவள்." அந்த வீராங்கனை திருநாளுக்கு முதல் நாள் தனியே அடுக்களையுள் புகுந்தாள். கிடாரத்தின் காதில் தக்காளிக் கறையைக் கண்டாள். கறை எதிர்த்தது. அரை மணி நேரப் போரின் பின் வீழ்ந்தது.

அக்கா பாட்டுக் குரலை விட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "ஓம். நான்தான் உரஞ்சினனான். அது அடையாளம் எண்டு எனக்கு விளங்கேல்லை. நீங்கள் சண்டை பிடிக்கத் தொடங்கினாப் பிறகுதான் விளங்கினது. சொல்லப் பயந்து போனன். கவசம் போட்டுக்கொண்டுதான் சொல்ல முடிஞ்சது."

சிவலிங்கம் எழும்பினார். நான் பேனாவைத் திறந்தேன். நாளைக்கு மண்டபத் திறப்பு போய்விடும் என்றே நினைத்தேன். அவர் கேட்டார்: "பிலோமினா, அந்தாளின்ர பழைய ஸ்கூட்டருக்குப் பாட்டிலை ஒரு வரி இருக்கு. என்ர வான் வண்டி எங்கை?"

அந்தோனிப்பிள்ளை இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "உம்மட வான் ஸ்டார்ட் வந்தால்தானே போருக்கு வரும்."

முதலில் சிரித்தவர்கள் பிள்ளைகள். பிறகு எல்லோரும். பிறகு முறைப்பாடுகள் தொடங்கின. வெங்காயம் உரித்தவரின் பெயர் இல்லை, கதிரை அடுக்கியவரின் பெயர் இல்லை. கேலி செய்தால் கோபிப்பார்கள் என்று நாங்கள் பயந்தோம். கேலியில் தங்களை விட்டுவிட்டாரே என்றுதான் அவர்கள் கோபித்தார்கள். அக்கா ஏப்ரன் பையிலிருந்து கடதாசி எடுத்து ஒவ்வொரு பெயராக எழுதினார். திறப்பு நம்மிடமே இருந்தது. அடுத்த சனிக்கிழமை வகுப்பு நடந்தது. இரு பக்கத்தாரும் சேர்ந்து சைவத்துக்குப் புதுக் கிடாரம் வாங்கினார்கள். அதன் காதில் சிவலிங்கம் ஆணியால் ஆழமாக அடையாளம் கீறினார், அக்காவாலும் உரஞ்ச முடியாதபடி.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தப் பாட்டு பாடப்பட்டது, ஒவ்வொரு வருடமும் நீண்டது. "கேலி செய்யிறதெண்டால் முழுக் கவசத்தையும் போட்டுவிட வேணும். அரைக் கவசம் போட்டால் அது அவமானம்" என்பார். பட்டியலின் கடைசியில் எப்போதும் சில வரிகளை வெறுமையாக விட்டிருப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "இனி வாறவைக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். அன்றைக்கு மட்டும் நான் முந்திப் போனேன். பிரான்காச்சோ பஸ்ஸிலும் பகேரியா ரயிலிலும் ஆட்கள் வந்தார்கள். அந்த சிஞ்ஞோராவின் மகள் வந்து கடைசி வரை நின்றார். கோயிலில் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் வீரர் பட்டியலைப் பாடினார்கள், சிசிலியன் வாடையடிக்கும் தமிழில், ஒரு பெயரும் விடாமல். வெறுமையான வரிகளில் இரண்டை, இந்த வருடம் வகுப்புக்குப் புதிதாக வந்த இருவரின் பெயரால் அவர்களே நிரப்பியிருந்தார்கள்.

பிறகு மண்டபத்தில் சாப்பாடு. இரண்டு கிடாரமும் காலியானதும், நான் கொப்பியோடு அடுக்களைக்குள் போனேன். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த ஒரு கேள்விதான். இப்போது எந்தச் செய்திக்குப் போனாலும் அதைக் கேட்காமல் திரும்புவதில்லை. கழுவியது யார்?

அந்தோனிப்பிள்ளையும் சிவலிங்கமும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். கம்பிச் சுருள் ஒன்றுதான் இருந்தது. அது யாருக்கு என்று வாய்த்தர்க்கம் நடந்துகொண்டிருந்தது. இருவர் பெயரையும் எழுதிக்கொண்டேன்.