சளி என்றே சொல்லி வைத்திருந்தோம்

அப்பா குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசன் முழுக்க ஈரத்திலேயே நிற்கிற உடம்பு. இருமல் நிற்காதபோது நெஞ்சுச் சளி என்று சொல்வது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. நுரையீரல் புற்றுநோய், முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னதை நானும் அம்மாவும் மட்டும் வைத்துக்கொண்டோம். எங்கள் பக்கம் அப்படித்தான், நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்வதில்லை.

"பேரக் கேட்டாலே பாதி உசுரு போயிரும்லே. நீ படிச்சவன், பக்குவமாப் பேசு," என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆஸ்பத்திரிப் பேச்சு எல்லாம் என் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும்.

முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. திருநெல்வேலி டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசியோடு இன்னொரு புது மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி. அப்பாவைச் சேர்க்கலாம். ஆனால் நோய் என்ன, மருந்து என்னவெல்லாம் செய்யலாம், செய்யாமலும் போகலாம் என்பதை அவரிடமே சொல்ல வேண்டும். அவர் சம்மதிப்பதை வீடியோ எடுப்பார்கள்.

"அவர்ட்ட சொல்லாம முடியாதா மேடம்?"

"மருந்து உங்க உடம்புலயா தம்பி ஏறப்போகுது?"

அம்மாவிடம் வந்து சொன்னேன். "மருந்தும் வேணும், பேரும் தெரியக்கூடாது. என்னமும் பண்ணுலே," என்றாள்.

அப்பாவிடம் நானே முன்கூட்டிச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் பாவூர்சத்திரம் தாண்டியதும் வாயெடுத்தேன். "அருவியில தண்ணி நல்லா விழுதாம்லே. இந்தச் சளி நின்னுட்டா அங்கன போயிருவேன்," என்றார் அப்பா. வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி அறையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாததால் சாட்சிக்கு வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா தமிழில் நிதானமாகச் சொன்னார். புற்றுநோய் என்ற இடத்தில் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, சளின்னுல்லா சொன்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து போகவும் வழியில்லை.

"சளி இல்லப்பா."

 அப்பா டாக்டரம்மாவிடம் திரும்பிக் கேட்டார்: "ரெண்டையும் சேத்துக் குடுத்தா நின்னுருமாம்மா?"

"தெரியாது ஐயா. அதத் தெரிஞ்சுக்கத்தான் குடுத்துப் பாக்குறோம்."

"ஒரு ஆளாவது தெரியாதுன்னு சொல்லுதாகளே," என்று லேசாகச் சிரித்தார். இடையில் வேண்டாமென்றால் விட்டுவிடலாமா என்று கேட்டார். எப்போது வேண்டுமானாலும் விடலாம் என்றார் டாக்டரம்மா. அப்பா கைநாட்டு வைத்தார்.

படியிறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். "உங்கம்மைக்கு இது தெரிய வேண்டாம். தாங்க மாட்டா. சளிக்குப் புது மருந்துன்னு சொல்லிரு."

அவளுக்கு எப்போதோ தெரியும் என்பதைச் சொல்லாமல், "சரிப்பா," என்றேன்.

இலத்தூருக்குத் திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததுமே அவரே சொன்னார்: "சளிக்குப் புது மருந்து தாராங்களாம்ட்டி."

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய்க் கன்னத்தை வழித்தாள். "பேரச் சொல்லாமலே முடிச்சிட்டியே ராசா. அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன். அந்த டாக்டரம்மாவ ஒரு கும்பிடு போட்டுட்டு வரணும்."

"அங்கன ஒரு ஆளத்தாம்மா உள்ள விடுவாங்க," என்றேன்.

"அப்ப நீ வெளிய நில்லு," என்றாள்.