நொட்டை அக்கா வயர் பிடுங்கிய திங்கட்கிழமை

அலுவலகத்தில் அவளுக்கு நொட்டை என்று பெயர். நேரில் நொட்டை அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் நொட்டை. அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. புதிதாகச் செய்த மொபைல் ஆப்பை ஊருக்கு விடுவதற்கு முன் தட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுக்கும் டெஸ்டர் அவள். பிறந்த அன்றே நர்சைக் கூப்பிட்டு, தொப்புள்கொடியைக் கோணலாக வெட்டியிருக்கிறாய் என்று சொன்னவள் என்று அவளுடைய அண்ணன் சத்தியம் செய்வான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது, பக்கத்தில் நின்று தன் காதால் கேட்டானாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

கோபமும் அவளோடு கூடவே பிறந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டில் மூன்றாம் மாடி பொத்தான் ஒட்டிக்கொள்ளும். கட்டடக்காரருக்கு அவள் நாற்பத்தொரு கடிதம் எழுதினாள். இப்போது அவளைத் தூரத்தில் கண்டாலே லிஃப்ட் தானாகத் திறந்துகொண்டு நிற்கிறது என்கிறார்கள்.

அண்ணன் தையல்காரன். ஐம்பதைத் தொட்டவன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு உண்டு. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை, தவறாமல் போட்டால் ஒன்றும் வராது. வந்துவிட்டால், வருவதற்கு முன்னால் நடந்ததெல்லாம் துடைத்தாற்போல் மறந்துவிடும். அதனால் தன் ஞாபகத்தை அவன் நம்பமாட்டான். வாரத்துக்கு ஏழு கிழமை, கிழமைக்கு ஒரு மூடி என்று ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருந்தான். பதினைந்து வருடம் அந்த டப்பாதான் அவனுக்கு ஞாபகம்.

அந்த டப்பாவைத் தூக்கிப் போடச் சொன்னவள் நொட்டைதான். அவர்கள் அலுவலகம் அப்போது மாத்திரை ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதன் பீட்டாவை, அதாவது ஊருக்கு விடுவதற்கு முன்னால் நாலு பேரிடம் கொடுத்துப் பார்க்கும் பதிப்பை, அவளே அண்ணன் போனில் போட்டுக் கொடுத்தாள். ஆப்பைத் திறக்கவே வேண்டாம். போனின் முகப்பில் ஒரு சின்னச் சதுரம் உட்கார்ந்திருக்கும். அதற்கு விட்ஜெட் என்று பெயர். மாத்திரை நேரம் வந்தால் சிவப்பாகும். போட்டுவிட்டு ஒரு தட்டுத் தட்டினால் பச்சை. அடுத்த வேளை வரும்போது மறுபடி சிவப்பு.

"இனிமே உனக்கு டப்பாவும் வேணாம், டென்ஷனும் வேணாம்ணா. பச்சைன்னா போட்டாச்சு, அவ்ளோதான்."

"நீயே நொட்டை சொல்லாத ஒரு பொருள்னா நான் கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்றான் அண்ணன்.

நம்பினான். மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பள்ளிச் சீருடைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே மேசையோடு சரிந்தான். கத்தரி ஒரு பக்கம் போனது புண்ணியம். முகவாய் மேசை விளிம்பில் இடித்துப் பிளந்து மூன்று தையல்.

நொட்டை மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அவனுக்கு நினைவு திரும்பியிருந்தது.

"தையலைப் பாரு. இழுத்துப் பிடிக்காம போட்டிருக்கான் அந்த டாக்டர். என் கடைல வேலைக்குச் சேர்க்கமாட்டேன்."

"மாத்திரை போட்டியா இல்லையா?"

"பச்சையாத்தான இருந்துச்சு."

அவள் அவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினாள். இரண்டு அதிகம் இருந்தது. புதன் இரவுக்கு ஒன்று, அன்று காலைக்கு ஒன்று. போனைப் பார்த்தாள். புதன் காலை அவன் தட்டிய பச்சை, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி வியாழன் பகலிலும் சிரித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு வேளை போடலை. உனக்குத் தோணவே இல்லையா?"

"போட்ட ஞாபகம் இல்லைதான். ஆனா எனக்கு எது ஞாபகம் இருந்திருக்கு? போன் பொய் சொல்லுமா, நான் மறந்திருப்பேனான்னு பார்த்தேன். போன் பக்கம்தான் சாய்ஞ்சேன்."

அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. திங்கட்கிழமை மூன்று மணிக்கு அந்த ஆப் எல்லோருக்குமாக வெளியாகப் போகிறது. நாற்பதாயிரம் பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நாற்பதாயிரம் முகவாய் அவள் கண்முன் வரிசையாக வந்து நின்றது.

அன்றைக்கே அலுவலகத்துப் புகார்ப் பட்டியலில் எழுதினாள்: விட்ஜெட் பச்சையிலேயே நின்றுவிடுகிறது, ஒருவர் விழுந்துவிட்டார். விட்ஜெட் செய்தவனுக்குக் கண்ணாடி என்று பெயர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவன். வெள்ளிக்கிழமை காலையில் அவன் தன் மேசையில் கிடந்த சோதனைப் போனில் பார்த்துவிட்டு, 'எங்களிடம் இப்படி வரவில்லை' என்று எழுதி அந்தப் புகாரை மூடினான். அவள் திறந்தாள். அவன் மூடினான். மறுபடி திறந்தாள். மறுபடி மூடினான்.

"உன் போன்ல வரலைன்னா ஊர்ல யாருக்குமே வராதா? உனக்குப் பல்வலி இல்லைன்னா பல் டாக்டரையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிடுவியா?"

"அக்கா, கோபப்படாதீங்க. பதினாலு போன்ல பார்த்துட்டேன். நேரம் வந்தா டக்குனு சிவப்பாகுது. வேணும்னா அண்ணன் போனையே கொண்டு வாங்க."

மதியம் கொண்டுவந்தாள். தன் மேசையில் வைத்தாள். மாத்திரை நேரத்தை மூன்று மணிக்கு மாற்றிவிட்டு, பச்சையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மூன்று அடித்தது. சதுரம் ஜம்மென்று சிவப்பானது.

யாரோ கைதட்டினார்கள். அவள் காதெல்லாம் சூடாகிவிட்டது. பக்கத்து மேசைத் தண்ணீர் பாட்டிலில் குமிழி வந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

மேனேஜரும் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆகட்டும் சார் என்று பெயர், எதைச் சொன்னாலும் அதுதான் பதில். அன்றைக்கு மட்டும் கூட இரண்டு வார்த்தை பேசினார்.

"ஒரு ஆளுக்கு வந்ததுக்காக ரிலீஸை நிறுத்த முடியுமாம்மா? அதுவும் பழைய போன்."

"மாத்திரை சாப்பிடுறவங்க கையில பழைய போன்தான் சார் இருக்கும். புதுப் போன் வாங்குற காசு மருந்துக்கடைக்குப் போயிடுது."

"ஆகட்டும், ஆகட்டும். திங்கட்கிழமை பார்ப்போம்."

சனிக்கிழமை அவள் அண்ணன் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போனைப் பல்லியைப் பார்க்கும் பூனை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை முறைக்கிறதுக்குப் பதிலா அதை முறைக்கிறியே, அந்த மட்டும் நிம்மதி" என்றான் அண்ணன், ஊசியில் நூலைக் கோத்தபடி. "அது ஆபீஸ்ல ஒழுங்காத்தான் இருக்கும். என்கிட்ட வந்தாத்தான் வாலாட்டும்."

"உன்கிட்ட மட்டும் என்ன விசேஷம்?"

"எனக்கென்ன தெரியும்? உங்க ஆபீஸ்ல அதுக்கு ராஜ உபசாரமோ என்னமோ. இங்க பாவம், பாதி நாள் பட்டினி. அயர்ன்பாக்ஸுக்கும் அதுக்கும் சேர்த்து ஒரே பிளக்கு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனின் மூலையில் பேட்டரிப் படம் மஞ்சளானது. சார்ஜ் குறைந்ததும், பின்னால் ஓடும் சில்லறை வேலைகளை நிறுத்திவிட்டு, போன் தானே சிக்கனத்துக்குப் போய்விட்டது. ஒரு மணிக்கு அவள் வைத்த மாத்திரை நேரம் வந்தது. சதுரம் பச்சை. ஒன்று பத்து, பச்சை. ஒன்று இருபது, பச்சை. அவள் எழுந்து அயர்ன்பாக்ஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் போன் வயரைச் சொருகினாள். இரண்டு நிமிடத்தில் சிவப்பு.

அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அலுவலகத்தில் பதினாலு போனும் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளி மாதிரி காலையிலிருந்து மாலைவரை வயரோடேதான் கிடக்கும். எந்தப் போனைக் கையில் எடுத்தாலும் முதல் வேலையாக வயரைச் சொருகுவது அங்கே எல்லோருக்கும் கைப்பழக்கம். பசி தெரியாத போனில் பசி நேரத்து வியாதி எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை அண்ணன் போனுக்கு வயர் சொருகியது யார்? அவளேதான். ஊரெல்லாம் நொட்டை சொன்னவள், ஆறு வருடமாக ஒருநாளும் அந்த வயரைப் பிடுங்கிப் பார்த்ததில்லை. இதுவரை மற்றவர்மேல் இருந்த கோபத்தில் முக்கால்வாசி திரும்பி வந்து அவள் தலையிலேயே இறங்கியது.

அன்றைக்கே எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும் சாரிடமிருந்து பதில் வந்தது: ஆகட்டும், ரிலீஸுக்குப் பிறகு அடுத்த மாதம் சரிசெய்துகொள்ளலாம்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். கையில் பெரிய துணிப்பை. பதினாலு போனிலிருந்தும் வயரைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் பேட்டரிச் சிக்கனத்தில் போட்டாள். மாத்திரை நேரம் இரண்டு மணி என்று வைத்து, பச்சை பச்சையாகத் தட்டிவிட்டாள். கை அதோடு நிற்கவில்லை. லேப்டாப் வயர், உபரி வயர், இழுப்பறை வயர், ஆகட்டும் சார் அறையில் இருந்த வயர், அறுபத்தேழு வயரும் பைக்குள் போயின. பையின் வாயைக் கட்டி, அதை நாற்காலியில் போட்டு, அதன் மேலே உட்கார்ந்தாள்.

"அக்கா, வயர் எங்க?"

"சோதனை நடக்குது."

மதியம்வரை அந்த அறையில் வேறு பேச்சே இல்லை. இரண்டு பத்துக்கு அவள் பதினாலு போனையும் தட்டில் அடுக்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆகட்டும் சார் மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள். கண்ணாடியும் பின்னாலேயே வந்தான். பதினாலும் பச்சை.

"மணி ரெண்டு தாண்டிடுச்சு. இதுல ஒருத்தராவது மாத்திரை போட்டாங்களா சார்?"

கண்ணாடி ஒவ்வொரு போனாக எடுத்துப் பார்த்தான். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். 

"அக்கா, நான் மூணு தடவை மூடினேன்."

"மூணு தையல். கணக்கு சரியாத்தான் இருக்கு."

ஆகட்டும் சார் போன்களைப் பார்க்கவே இல்லை. தன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு சதவீதம் சார்ஜ்தான் மிச்சம். "ஆகட்டும்மா, இதை அப்புறம் பேசலாம். மூணு மணிக்கு நான் அனுப்பணும். முதல்ல வயரைக் குடு."

"எதுக்கு சார்? நிறைய சார்ஜ் இருக்குன்னு நம்புங்க. அப்படி நம்பித்தான் எங்கண்ணன் கத்தரியைக் கையில வச்சுட்டு விழுந்தான்."

"இது உன் வேலையைப் பாதிக்கும், தெரியுமில்ல?"

"என் வேலையே இதுதான் சார்!"

அந்தச் சத்தத்தில் நாலு தெரு தள்ளி ஒரு நாய் எழுந்து உட்கார்ந்ததாம். ஆகட்டும் சார் கம்ப்யூட்டர் மட்டும் சத்தமில்லாமல் கறுத்துப்போனது. அவர் பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார்.

"உன் கம்ப்யூட்டர்ல இருந்து அனுப்புப்பா."

"அதுவும் அணைஞ்சிருச்சு சார்" என்றான் கண்ணாடி. கொஞ்சம் நின்று சொன்னான்: "அணையலைன்னாலும் அனுப்பமாட்டேன். ரெண்டு நாள் குடுங்க, சரி பண்ணிடறேன்."

ஆகட்டும் சார் பதினாலு பச்சையையும் அப்போதுதான் பார்த்தார். அவர் வாயிலிருந்து அந்த ஒற்றை வார்த்தை வருவதற்கு முழுதாக ஒரு நிமிடம் ஆனது. வந்ததும் அவள் தோளிலிருந்து பையை இறக்கினாள். அறுபத்தேழு வயரும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே பந்தாக இருந்தன. பிரித்தெடுக்க நாலு பேருக்கு மாலைவரை வேலை.

புதன்கிழமை சரியான விட்ஜெட் வந்தது. கூடவே எல்லோருக்கும் ஒரு கடிதம்: 'எங்கள் குழுவின் விழிப்புணர்வால் ஒரு சிறு குறை கண்டறியப்பட்டது.' சிறு குறை என்ற சொல்லைப் படித்துப் பல்லை நறநறவென்று கடித்தபடியே அவள் அண்ணன் கடைக்குப் போனாள்.

"புதுசைப் போட்டுத் தரேன், போனைக் குடு."

"போட்டுக்கோ. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்ற அண்ணன், இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தான். ஏழு அறையிலும் சட்டைப் பொத்தான். எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிட்டு, மாத்திரைகளை ஒவ்வொன்றாக உள்ளே போட ஆரம்பித்தான்.

"தூக்கிப் போடலையா நீ?"

"நீ சொன்னதையெல்லாம் தூக்கிப் போட்டிருந்தா நம்ம வீட்டுல நானே மிஞ்சியிருக்கமாட்டேன்."

அவள் டப்பாவைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு மூடியாக அமுக்கிப் பார்த்தாள். 

"புதன்கிழமை மூடி சரியா மூடலை" என்றாள் கோபமாக.