நிற்காத காலம்

"காலம் நிக்க மாட்டேங்குது கண்ணு. விடிஞ்சு வந்து பாத்தா சுருங்கிப் போயிருது" என்று பேக்கிங் மேலாளர் சொன்னபோது, மனுஷர் காலங்காத்தாலேயே வேதாந்தம் பேசுகிறாரே என்று நினைத்தேன். அவர் சொன்னது கம்ப்யூட்டர் அட்டவணையைப் பற்றி. அதில் மேலிருந்து கீழே ஓடும் பத்தியை எங்கள் பனியன் கம்பெனியில் எல்லோரும் காலம் என்றுதான் சொல்வார்கள். கலர் காலம், சைஸ் காலம், பெட்டி காலம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கவும் புரோகிராமைத் திருத்தவும் அங்கே இருந்த ஒரே ஆள் நான். எங்கள் குடும்பம் தெற்கேயிருந்து பிழைக்க வந்தது. வாய்ப் பழக்கத்தில் மேலாளரை அண்ணாச்சி என்றுவிடுவேன். "ஏங் கண்ணு, நானென்ன மளிகைக் கடையா வெச்சிருக்கறேன்?" என்று சிரிப்பார். பொங்கலூர்க்காரர், கோபமே வராத மனுஷர்.

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அந்த அட்டவணையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பெரிதாக்கினால் பழைய அகலத்துக்குள் அடங்காது. 'டார்க் நேவி' வெறும் 'டார்க்' என்று வெட்டுப்பட்டு நிற்கும். அதனால் ஒவ்வொரு காலத்தின் ஓரத்தையும் மவுஸால் பிடித்து இழுத்து அகலமாக்குவார். மறுநாள் வந்தால் எல்லாம் பழையபடி ஒடுங்கிக் கிடக்கும்.

"எழுத்து எதுக்கு இம்புட்டுப் பெருசா?" என்று கேட்டேன்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சக்கரை கண்ணுல எறங்கிருச்சு. பொடி எழுத்து புடிபடறதில்ல. மொதலாளிக்குத் தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. சின்னவ காலேஜ் முடிக்கற வரைக்குமாச்சும் ஓட்டோணும். ஆருகிட்டயும் சொல்லீராத."

தினமும் காலையில் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து, தெரியாத எழுத்தைத் தடவித் தடவி அந்த மனுஷர் கட்டங்களை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு பெட்டியில் கலர் மாறிப் போனாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். சர்க்கரையிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அட்டவணை மேல் கோபப்பட்டேன். இதை நிறுத்திக் காட்டாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

என் மேசையில் அது ஒழுங்காகவே வேலை செய்தது. இழுத்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அகலம் அப்படியே இருந்தது. அவர் மேசையில் மட்டும் நிற்காது. மறுபடி ஏற்றிப் பார்த்தேன், மவுஸை மாற்றிப் பார்த்தேன். ஊஹூம். கடைசியில் ஒருநாள் அவர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

சங்கு ஊதியது. அவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவ்வளவுதான், வாட்ச்மேன் மெயின் சுவிட்சை இறக்கினார். யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. திரை கறுத்தது.

அடக் கடவுளே! எப்போதோ பஞ்சுக் கழிவில் தீப்பிடித்ததிலிருந்து, சங்கு ஊதியதும் மெயினை இறக்குவது அந்தக் கம்பெனியின் வழக்கம். தையல் மெஷினோ கம்ப்யூட்டரோ, நிறுத்துவதற்கு அங்கே ஒரே வழிதான். அட்டவணையோ தன்னை முறையாக மூடினால்தான் அகலத்தையும் எழுத்தின் அளவையும் எழுதி வைக்கும். அதை ஒருநாளும் ஒருத்தரும் மூடியதே இல்லை.

மறுநாளே மாற்றி எழுதினேன். காலத்தை இழுத்துக் கையை எடுத்ததும் அகலம் பதிவாகிவிடும். எழுத்தின் அளவும் அப்படியே. அதற்குப் பிறகு மெயினை இறக்கினால் என்ன, இடியே விழுந்தால் என்ன.

முதலாளியின் மகன், சின்ன முதலாளி, பம்பாய் போயிருந்த வாரம் அது. மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தார். என்னைக் கண்டால் கையை உயர்த்தி, "நின்னுருச்சு கண்ணு" என்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய சின்ன முதலாளி, எப்போதும்போல எல்லோருக்கும் முன்னால் வந்து, பெட்டிக் கணக்குப் பார்க்க மேலாளரின் கம்ப்யூட்டரைத்தான் திறந்தார். முன்பெல்லாம் அதில் பொடி எழுத்தும் ஒடுங்கிய காலமும்தான் இருக்கும். மேலாளர் தினமும் இழுத்ததையெல்லாம் அந்த மெயின் தினமும் அழித்து, அவர் ரகசியத்தைக் காத்து வைத்திருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"ஏனுங்க, இத்தாச்சோடு பெரிய எழுத்துங்களா? ஆருங்க இப்படி வெச்சது?"

"நாந்தானுங்க" என்றார் மேலாளர்.

சின்ன முதலாளி எழுத்தைப் பழையபடி சிறிதாக்கினார். "இதக் கொஞ்சம் படிங்க பாக்கலாம்."

அவர் குனிந்தார். இன்னும் குனிந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செரி விடுங்க. இனி நீங்க செரமப்பட வேண்டாமுங்க. ஊட்ல ரெஸ்ட் எடுங்க." வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க'. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அந்த மரியாதையை எடுத்துத் தூர எறிய வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

கேட் வரைக்கும் கூடப் போனேன். எனக்கு அழுகை வந்தது. அவர்தான் பேசினார். "நீ பண்ணுனது செரியாத்தான் இருந்துது கண்ணு. இந்த ஒரு வாரமும் ஒரு காலத்தக்கூட நான் இழுக்கல. வந்து ஒக்காந்ததும் எல்லாம் தெரிஞ்சுது."

அடுத்து வந்தவர் இளவட்டம், நல்ல கண். முதல் வேலையாகக் காலங்களையெல்லாம் நெருக்கி வைத்தார். சாயங்காலம் சங்கு ஊதியது, மெயினை இறக்கினார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். அவர் வைத்த இடத்திலேயே நின்றிருந்தன.